நாற்பத்தேழைத் தாண்டாத வீடு

அத்தியாயம் 11

ஆஞ்சப்பன் சாகப் போகிறார் என்பது மூக்கண்டப்பள்ளி லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஏறக்குறைய தேதியும் தெரியும். வருகிற புதன்கிழமை, ஜூன் ஒன்றாம் தேதி, அவருக்கு நாற்பத்தேழு வயது ஆகிறது. அடுத்த ஜூனை அவர் பார்க்க மாட்டார். இதை அவருக்குச் சொன்னது எந்த ஜோசியரும் இல்லை. இரண்டே இரண்டு காகிதங்கள்.

ஒன்று, அவருடைய தாய் மாரம்மா மண்டையில் நரம்பு வெடித்து இறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு. வயது 47. மற்றொன்று, மூன்று வருடம் முன்பு அண்ணன் ராமப்பன் ஃபவுண்டரியில் உலைக்கு அருகே சுருண்டு விழுந்து இறந்தபோது கம்பெனி கேட்டில் ஒட்டிய அறிவிப்பு. அதிலும் வயது 47. இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார் ஆஞ்சப்பன். வீட்டில் எழுத்தாக இருக்கிற சமாச்சாரம் மொத்தமே அவ்வளவுதான். அதனால்தான் அந்த எழுத்துக்கு அத்தனை மரியாதை.

மூன்று வாரம் முன்பு அதே ஃபவுண்டரியில், ஷிப்டின்போது அவருக்குத் தலை சுற்றியதும், கம்பெனி டாக்டர் ரத்தக்கொதிப்பு என்று சொல்லிப் பயமுறுத்தியதும், அன்றே அவர் பீடிக் கட்டைச் சாக்கடையில் எறிந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஊறுகாய் நின்றது. கருவாடு நின்றது. சம்பளம் வாங்கிய கையோடு எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய்ப் பாக்கெட் சாராயம் குடித்துவிட்டு வருவதும் நின்றது. காலையும் இரவும் மாத்திரை. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் அதே பயத்தில் இன்னொன்றும் செய்தார். மகள் ஜெயமணியின் கல்யாணத்தை முடிவு செய்துவிட்டார்.

"நான் போறதுக்குள்ள உன்னை ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துடணும்" என்றார். மாப்பிள்ளை மாதப்பன், ஜவளகிரியில் மர லாரி ஓட்டுகிறவன். ராமப்பனின் மனைவி முனிலட்சுமிக்கு அண்ணன் மகன். இந்த ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

மறுநாள் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, மின்சார மீட்டர் செய்யும் கம்பெனியில் ஜெயமணி டிரெயினியாகச் சேர வேண்டும். முந்நூறு பேர் எழுதிய பரீட்சையில் தேறிய பதினெட்டுப் பேரில் அவளும் ஒருத்தி. பயிற்சி முடிகிற இரண்டு வருடமும் கல்யாணம் கூடாது என்று தகப்பன் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தப் படிவம் அவளுடைய துணிப்பைக்குள் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. நாம் போன வாரம் அவளை விட்டு வந்தது அந்தப் பையின் பக்கத்தில்தான், அழுது முடித்த முகத்தோடு.

* * *

ஞாயிறு காலையில் ஜவளகிரி முதல் பஸ்ஸில் தாத்தா வந்து இறங்கினார். திம்மப்பன். எண்பது வயது. தோளில் ஒரு பை மாங்காய். பஸ் ஸ்டாண்டிலிருந்து மூன்று மைல், ஆட்டோவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தே வந்துவிட்டார்.

ஆஞ்சப்பனின் மனைவி கெம்பம்மா மாமனாருக்கும் புருஷனுக்கும் பக்கத்தில் பக்கத்தில் தட்டு வைத்தாள். இரண்டு தட்டிலும் களி. கிழவரின் தட்டில் கல்லுப்பு, பச்சை மிளகாய், வெங்காயம். மகனின் தட்டில் உப்பில்லாத கீரை.

கிழவர் இரண்டாவது உருண்டைக்குக் கை நீட்டினார். ஆஞ்சப்பன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தகப்பன் சாப்பிடுவதைப் பார்த்து மகன் வயிறெரிவதை நான் கதைகளில் படித்ததில்லை. இந்த வீட்டில் கிழவர் வரும்போதெல்லாம் நடக்கும்.

"என்னைப் பாத்தா எதையோ திருடிக்கினு வந்தவன் மாதிரி பாக்கறீங்க" என்றார் கிழவர். "நான் என்னா பண்ணட்டும்? சாவு வரல."

"உன்னை யாரு என்னா சொன்னாங்க?"

"பெரிய மருமவ வாயைத் தொறந்து சொல்றா. மவன் ஆயுசைச் சேத்துத் தின்னுட்டேனாம். நீ சொல்லாம பாக்கற."

ஆஞ்சப்பன் கீரையைப் பிசைந்தார். டாக்டரும் அன்று இதைத்தான் கேட்டிருந்தார், உங்கள் வீட்டில் யாராவது எண்பது வரைக்கும் இருந்திருக்கிறார்களா என்று. துணைக்குப் போயிருந்த ஜெயமணிக்கு அந்தப் பேச்சு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருந்தது.

'எங்கப்பன் இருக்கான் சார். ஆனா நானும் எங்கண்ணனும் அம்மா ஜாடை.'

'ஜாடையெல்லாம் மூஞ்சிக்குத்தான்யா. ரத்தம் ரெண்டு பக்கத்துலருந்தும் வருது. உங்கம்மா கிட்டருந்து கொதிப்பு வந்திருக்கு. உங்கப்பா கிட்டருந்து என்ன வந்திருக்குன்னு தெரியணும்னா நீ பீடியை விட்டுட்டு உயிரோட இருக்கணும். வயசு வம்சத்துல வராது. வியாதி வரும். அதைப் புடிச்சுக் கட்டிப் போட மாத்திரை இருக்கு.'

ஆஞ்சப்பனுக்கு அதில் பாதிதான் காதில் ஏறியது. மாத்திரையைப் போட்டு, நாற்பத்தேழை எப்படியாவது ஏமாற்றித் தாண்ட முடியுமா என்கிற நப்பாசை மட்டும் ஒட்டிக்கொண்டது.

சாகப் போகிறவருக்குப் பழைய கதை பேசப் பிடிக்கும். அன்றும் ஆரம்பித்தார்.

"மணி, உங்க பெரியப்பா மாதிரி ஒருத்தன் இனிமே பொறக்க மாட்டான். நான் பொறந்த அன்னிக்கு எங்கப்பன் ஊர்ல இல்ல. காட்டுக்கு அந்தாண்ட, கர்நாடகா பக்கம் மரம் வெட்டப் போயிட்டான். அண்ணன்தான் ஒண்டியா ஓடிப் போய் சேதி சொன்னான். ஏழு மைல். ஆனை நிக்கற காடு."

"ஆமா" என்றார் கிழவர். "தம்பி பொறந்திருக்கான், வெல்லம் வாங்கிக்கினு வான்னு சொன்னான். மூச்சு வாங்கிச்சு அவனுக்கு."

ஜெயமணி மாவிலையை நூலில் கோத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"தாத்தா, பெரியப்பா அப்போ என்னா பண்ணிக்கினு இருந்தாரு?"

"என்னா பண்ணுவான்? சென்னகிருஷ்ணன் பண்ணையில மாடு மேய்ச்சான். அவர் வீட்டு மாட்டுக்கு அவன் குரல்னா உசிரு."

சாமி படத்தை அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பா பிறந்தது 1941. கம்பெனிக் காகிதப்படி பெரியப்பா பிறந்தது 1938. மூன்று வயதுக் குழந்தை பண்ணையில் மாடு மேய்க்குமா? யானைக் காட்டில் ஏழு மைல் ஓடுமா?

இதே கதையை ஆஞ்சப்பன் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். இவளும் நூறு தடவை கேட்டிருப்பாள். நமக்கு ஒரு விஷயம் தேவைப்படும்போதுதான் அது காதில் விழுகிறது. மனிதப் பிறவியே அப்படித்தான்.

* * *

ஃபவுண்டரிக்கு ஞாயிறும் இல்லை, தீபாவளியும் இல்லை. உலையை அணைக்க முடியாது. உலை எரிந்தால் கேன்டீனும் நடக்கும். கேன்டீன் நடந்தால் முனிலட்சுமி அண்டா கழுவுவாள். புருஷன் வேலையிலிருக்கும்போதே செத்தான் என்று இரக்கப்பட்டுக் கம்பெனி கொடுத்த வேலை அது.

ஒன்றரை மணிக்கு அவள் கேட்டை விட்டு வெளியே வந்தபோது எதிரே ஜெயமணி நின்றாள்.

"என்னா கண்ணு, பொண்ணு பாக்க வர்ற நாள்ல வெய்யில்ல நிக்கற? கறுத்துடப் போற."

"பெரியம்மா, பெரியப்பா சாகறப்போ அவருக்கு என்னா வயசு?"

"போர்டுல போட்டிருந்தாங்களே."

"போர்டுல போட்டதைக் கேக்கல. நெஜமான வயசைக் கேட்டேன்."

முனிலட்சுமி நடையைக் கட்டினாள். கம்பெனிச் சுவர் முடிந்து, லாரிகள் வரிசையாக நிற்கும் இடமும் தாண்டி, ஒரு புளியமர நிழல் வந்ததும் நின்று முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அப்பா பொறந்தப்போ பெரியப்பா மாடு மேய்ச்சாராம். மூணு வயசுல."

முனிலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"பதினொன்னு" என்றாள். "பதினொரு வயசு மூத்தவரு. கம்பெனியில ஆள் எடுக்கறப்போ நாப்பதுக்கு மேல வேணாம்னுட்டாங்க. இவருக்கு நாப்பத்தாறு. ஊர்ல வாத்தியார் கிட்டப் போனோம். ரெண்டு கோழி, அரை மூட்டை ராகி. அந்தாளு ரிஜிஸ்டரைத் தொறக்கக்கூட இல்ல. 'எந்த வருசம் வேணும்?'னு எங்களையே கேட்டாரு."

"அப்போ செத்தப்போ..."

"அம்பத்தஞ்சு. உங்க பாட்டிக்கும் அதே கதைதான். ஆஸ்பத்திரியில நான்தான் கூட நின்னேன். சீட்டு எழுதறவன் வயசு கேட்டான். தெரியாதுன்னேன். மூஞ்சியப் பாத்து ஒன்னைப் போட்டுக்கினான். அம்மாவுக்கும் மவனுக்கும் ஒரே நம்பர் வந்து சேந்துச்சு."

"அப்பாவுக்கு ஏன் சொல்லல? இவ்ளோ நாளா அவரு பயந்து பயந்து சாவறாரு. நீங்க பாத்துக்கினே இருக்கீங்க."

"வாத்தியார் கிட்டப் போனப்போ உங்கப்பன் கோலார் பக்கம் கல்லு ஒடைச்சிக்கினு இருந்தான். அப்புறமா சொல்லலாம்னா, அவன் வயித்துல என்னா தங்குச்சு? அத்திப்பள்ளி போய் வந்தா பஸ்ஸுல இருக்கறவன் பூராவும் கேப்பான். பொய் சர்ட்டிபிகேட்டுன்னு தெரிஞ்சா, அந்தப் பேர்ல குடுத்த வேலையை எனக்கு விட்டு வைப்பாங்களா? எனக்குப் புள்ளையா, குட்டியா? இந்த அண்டாதான் சோறு போடுது."

இது நியாயமான பயம்தான். ஜெயமணிக்கும் அது புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் இன்னும் கூடியது.

"உங்க அண்ணன் மவனுக்குப் பொண்ணு வேணும். அதையும் சேத்துச் சொல்லுங்க."

"மாதப்பன் நல்ல பையன்."

"நல்லவருதான். நான் அவரை வேணாம்னு சொல்லல. நாளைக்கு எட்டு மணி எனக்கு வேணும்."

முனிலட்சுமி அவள் கையைப் பிடித்தாள். சோடாத்தூள் தின்ற, சொரசொரத்த கை.

"கண்ணு, நான் சொல்றதக் கேளு. உங்க பெரியப்பாவுக்கும் இதே கொதிப்புதான். இதே டாக்டர்தான். எத்தினி சொன்னோம். 'எங்கப்பன் கல்லு மாதிரி இருக்கான், நான் அவன் புள்ள, எனக்கு என்னா வரும்?'னாரு. அந்தத் தைரியத்துல பீடி குடிச்சாரு, சாராயம் குடிச்சாரு, மாத்திரையக் கோழிக்குப் போட்டாரு. கெழவன் ஆயுசைத் தின்னான்னு நான் சும்மா சொல்லல. அந்தாளைப் பாத்துப் பாத்துத்தான் என் புருசன் கெட்டாரு."

முனிலட்சுமி பிடியை இறுக்கினாள்.

"உங்கப்பன் எதுனால பீடிய வுட்டான்? டாக்டர் சொல்லியா? நாப்பத்தேழு வருதுன்னு. அந்த பயம் பொய்யாவே இருக்கட்டும். அதுதான் இன்னிக்கு அவனுக்கு மருந்து. அதப் புடுங்கிடாத."

"எனக்காகச் சொல்றீங்களா, உங்க வேலைக்காகச் சொல்றீங்களா?"

"ரெண்டுத்துக்கும்தான். நீ மட்டும் உங்கப்பனுக்காகவா சொல்லப் போற?"

அந்தக் கேள்வி ஜெயமணியின் முகத்தில் அறைந்தது. கையை விடுவித்துக்கொண்டு வீட்டை நோக்கி முன்னால் நடந்தாள்.

* * *

மூன்றரை மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். முனிலட்சுமியின் அண்ணன் வெங்கடசாமி, அவர் மனைவி, இன்னும் இரண்டு பெண்கள், கடைசியாக மாதப்பன். புதுச் சட்டையின் மடிப்புகூடக் கலையாமல் வந்து சுவரோரம் உட்கார்ந்தான்.

நிச்சயத் தாள் எழுதுவதற்கு ஆள் வேண்டுமே. ஆஞ்சப்பன் தன்னோடு வேலை செய்யும் டைம் ஆபீஸ் கிளார்க் வெங்கடப்பனைக் கூப்பிட்டிருந்தார். கம்பெனியில் ஆயிரத்து இருநூறு பேரின் வயதும் பெயரும் இருக்கிற பேரேடு வெங்கடப்பன் கையில்தான். மஞ்சள் தடவிய தாளை மடிமீது வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து காத்திருந்தார்.

"நாலரைக்கு ராகுகாலம்" என்றார் வெங்கடசாமி. "அதுக்குள்ள தட்டை மாத்திடலாம்."

ஆஞ்சப்பன் தட்டை எடுக்கக் குனிந்தார். பின்வாசலிலிருந்து ஜெயமணி கூப்பிட்டாள்.

"அப்பா, ஒரு நிமிசம்."

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. பெரியப்பாவின் வயது, வாத்தியார், இரண்டு கோழி, பாட்டியின் சீட்டு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது, பெரியம்மா கேட்ட கேள்விக்குப் பதில் என்னவென்று. ஆனாலும் நிறுத்தவில்லை.

ஆஞ்சப்பன் முதலில் கோபப்பட்டார். "கம்பெனி போர்டு பொய் சொல்லுமா?"

"போர்டு சொல்லலப்பா. வாத்தியார் சொன்னதைப் போர்டுல எழுதினாங்க. நீங்களே காலையில சொன்னீங்க. மூணு வயசுக் கொழந்தை ஏழு மைல் ஓடுமா?"

அவர் வாய் அசைந்தது. மூன்று வயது. ஏழு மைல். இத்தனை வருடமாகத் தான் சொல்லி வந்த கதையைத் தானே முதல் தடவையாகக் கேட்டார்.

அப்புறம் அவர் செய்ததை ஜெயமணி எதிர்பார்க்கவில்லை. நேராக நடுவீட்டுக்குப் போய், எல்லோர் முன்னாலும் முனிலட்சுமியின் எதிரே மண்டி போட்டார்.

"அண்ணி, என் தலைமேல கை வெச்சுச் சொல்லு. எங்கண்ணன் செத்தப்போ என்னா வயசு?"

முனிலட்சுமி தன் அண்ணனைப் பார்த்தாள். பேனாவோடு இருந்த வெங்கடப்பனைப் பார்த்தாள். தலையில் கை வைத்துப் பொய் சொன்னால் அந்தத் தலைக்கு ஆகாது என்பது அவளுடைய நம்பிக்கை. ஆகாமல் போவதற்கு ஏற்கெனவே காத்திருக்கிற தலை அது. அவள் கை அவர் தலைமேல் இறங்கியது.

"அம்பத்தஞ்சு."

"வேலைக்காகக் கொறைச்சுப் போட்டாங்களா?"

"ஆமா."

வெங்கடப்பன் பேனாவின் மூடியைப் போட்டார்.

மூலையில் இருந்த கிழவர் தன்பாட்டுக்குச் சொன்னார். "அம்பத்தஞ்சுல செத்தா என்னா, நாப்பத்தேழுல செத்தா என்னா? குழிக்கு மண்ணு தள்ளினது நான்தான்."

அதை யாரும் காதில் வாங்கவில்லை. ஏனென்றால் ஆஞ்சப்பன் சிரிக்க ஆரம்பித்திருந்தார். மண்டி போட்டபடியே சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. விரலை மடக்கி எண்ணினார். நாற்பத்தேழுக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவே எட்டு விரல்.

"எட்டு வருசம்" என்றார். "கெம்பா, எனக்கு இன்னும் எட்டு வருசம் இருக்குடி."

கெம்பம்மாவும் அழுதுகொண்டே சிரித்தாள். பாவம், மூன்று வருடமாகத் தாலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தூங்கியவள்.

வெங்கடசாமி தட்டைத் தன் பக்கம் இழுத்தார். "நல்லது ஆஞ்சப்பா. அப்போ இந்த வெத்தலை?"

"என்னா அவசரம் மாமா? ரெண்டு வருசம் போவட்டும். பொண்ணுக்கு வேலை வந்திருக்கு. அவ கொஞ்சம் சம்பாரிக்கட்டும். நான்தான் இருக்கேனே."

"ஆய்த்து" என்று எழுந்தார் வெங்கடசாமி. "சாவு பயத்துல எங்களைக் கூப்ட்ட. பயம் தீந்ததும் போகச் சொல்ற. எங்க பையனுக்கு மானம் இல்லையா?" தங்கையின் பக்கம் திரும்பினார். "உன் பேச்சைக் கேட்டு வந்தேன் பாரு."

மாதப்பன் மட்டும் வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒருமுறை உள்ளே பார்த்தான். ஜெயமணி தலை குனிந்துகொண்டாள். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. இந்தக் கதையில் தப்பே செய்யாமல் தலை குனிந்து போனவன் அவன் ஒருவன்தான்.

கடைசியாக எழுந்தவர் வெங்கடப்பன். மஞ்சள் தடவிய தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். முனிலட்சுமியின் அருகில் வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணி, நாளைக்குக் காலையில டைம் ஆபீஸ் பக்கம் வந்துட்டுப் போங்க. ஒன்னுமில்ல, சும்மாதான்."

முனிலட்சுமி தலையாட்டினாள். அப்புறம் தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

* * *

ஐந்து மணிக்குள் ஜெயமணியின் படிவத்தில் கையெழுத்து விழுந்துவிட்டது. ஆஞ்சப்பன் ஒரு நொடி தயங்கக்கூட இல்லை. ஐந்தாம் வகுப்பில் கற்ற எழுத்தில், தி. ஆஞ்சப்பன் என்று பெரிதாகப் போட்டார். பேனா அழுத்தியதில் தாள் பின்பக்கம் புடைத்தது.

"சந்தோசமா மணி?"

"சந்தோசம்பா."

உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது. படிவத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நாளை உடுத்த நீலச் சேலையைத் தலையணைக்குக் கீழே மடித்து வைத்தாள். பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து முந்தானையில் முடிந்தாள்.

அப்போது மூக்கில் அந்த வாசனை ஏறியது.

பின்கட்டில் ஆஞ்சப்பன் துவைக்கிற கல்மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். விரலிடுக்கில் பீடி. மடியில் ஒரு கட்டு. மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் இழுப்பை உள்ளே விட்டு, கண்ணை மூடி, மெதுவாக வெளியே விட்டார். பக்கத்தில் ஒரு தட்டு. தட்டில் தாத்தா கொண்டுவந்த மாங்காயைக் கீறி, கெம்பம்மா உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்திருந்தாள். அவளே ஆசையாகக் கொடுத்தது.

"அப்பா, என்னாப்பா இது?"

"ஒன்னே ஒன்னு, மணி."

"டாக்டர் என்னா சொன்னாரு? பெரியப்பாவுக்கு இருந்த அதே கொதிப்பு உங்களுக்கும் இருக்கு. அதாம்பா வம்சத்துல வருது. நம்பர் வரல. நாப்பத்தேழு எப்படிப் பொய்யோ, அம்பத்தஞ்சும் அப்படித்தான் பொய்யி. யாரும் உங்களுக்கு எட்டு வருசம் எழுதிக் குடுக்கல."

"எங்கண்ணன் இத்தினி குடிச்சு, இத்தினி பீடி புடிச்சு, மாத்திரையே போடாம அம்பத்தஞ்சு வரைக்கும் இருந்தான். நான் அவன் தம்பி. அதுல கொறையுமா?" ஆஞ்சப்பன் சிரித்தார். மூன்று வருடத்தில் அவள் பார்த்திராத நிம்மதியான சிரிப்பு. "நீதானே சொன்ன. நீ சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது."

அண்ணன் தகப்பனைப் பார்த்துக் கெட்டான். தம்பி அண்ணனைப் பார்த்துக் கெடப் போகிறான். நடுவே அவள் நின்று கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"சரி, ராத்திரி மாத்திரையாச்சும் போடுங்க. இப்பவே போடுங்க, நான் தண்ணி கொண்டாரேன்."

அவள் உள்ளே போய் மாத்திரைப் பட்டையைத் தேடி, சொம்பில் தண்ணீர் மொண்டு வருவதற்குள் கல்லில் ஆள் இல்லை. வாசலில் கெம்பம்மா நின்றாள்.

"சட்டை மாத்திக்கினு போனாரு. கூட்டாளிங்களைப் பாத்துட்டு வர்றேன்னாரு. போவட்டும்டி, இன்னிக்கு ஒரு நாளு. எத்தினி நாள் கழிச்சு சிரிக்கறாரு மனுசன்."

ஜெயமணி ஓடினாள். லைன் வீடுகளைத் தாண்டி, கம்பெனிச் சுவரைத் தாண்டி, பெங்களூர் ரோடு வரைக்கும் மாத்திரைப் பட்டையைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடினாள். வியர்வையில் பட்டை வழுக்கியது.

நிறுத்தத்தில் பஸ் நின்றுகொண்டிருந்தது. போர்டில் அத்திப்பள்ளி. வெள்ளைச் சட்டையில் ஆஞ்சப்பன் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் கையாட்டினார், ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவர் போல.

"அப்பா, மாத்திரை."

"நாளைக்குப் போட்டுக்கறேன். நீ வீட்டுக்குப் போ. காலையில எட்டு மணிக்கு நீ கேட்டுல நிக்கணும். நேரத்தோட தூங்கு."

கண்டக்டர் விசில் எடுத்தார்.

ஒரே வாக்கியம் போதும் என்று ஜெயமணிக்குத் தெரியும். 'பெரியம்மா பொய் சொல்லிட்டாங்கப்பா, பெரியப்பாவுக்கு நாப்பத்தேழுதான்.' இதைச் சொன்னால் அப்பா இறங்கிவிடுவார். முகம் வெளிறும். பீடிக் கட்டு மறுபடி சாக்கடைக்குப் போகும். மாத்திரை தொண்டைக்குள் இறங்கும். நாளைக் காலையில் முதல் பஸ்ஸில் போய் ஜவளகிரிக்காரர்கள் காலில் விழுவார். படிவத்தைக் கிழிப்பார்.

வாயைத் திறந்தாள். நாக்கின் நுனிவரை வந்தது.

நீலச் சேலை நினைவுக்கு வந்தது. பதினெட்டுப் பேரில் ஒருத்தி என்பது நினைவுக்கு வந்தது.

"என்னா மணி?" என்றார் ஜன்னலிலிருந்து ஆஞ்சப்பன்.

"ஒன்னுமில்லப்பா" என்றாள்.

பஸ் புறப்பட்டு, புழுதி அடங்கி, அடுத்த லாரி வரும் வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள். பட்டையில் அன்றைய இரவு மாத்திரை அப்படியே இருந்தது.